தண்ணீருக்குப் போகும் ஒழுங்கைகளை விற்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் மார்க்கம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். குடும்பத்தோடு பீற்றர்பரோப் பக்கம் வந்து, இரண்டு கயாக்குகளை ஆற்றில் இறக்கப் பார்த்திருக்கிறார். வீதி முடிகிற இடத்தில் பக்கத்துக் கொட்டேஜ்காரர் வந்து, ‘இது தனியார் காணி, போங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். பலகை ஒன்றும் நட்டிருந்ததாம். பிள்ளைகள் முன்னால் வாக்குவாதப்பட விரும்பாமல் இவரும் கயாக்குகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கடிதத்தின் முடிவில், ‘அந்தப் பக்கம் கொட்டேஜும் படகும் வைத்திருப்பவர்களுக்குத்தான், எங்களுக்கு அல்ல’ என்று எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் பீற்றர்பரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நீதிமன்றம், வழக்கு என்று பரபரப்பான வேலை இல்லை. வீடும் கொட்டேஜும் கைமாறும்போது உறுதியைத் தேடுவது, நில அளவைப் படத்தைப் பார்ப்பது, வரி பாக்கி இருக்கிறதா என்று நகரசபைக்கு எழுதிக் கேட்பது, இவைதான். அதனால் இந்தக் கரையோரக் காணிகளின் எல்லைகள் கடதாசியில் எப்படி இருக்கின்றன, நேரில் எப்படி இருக்கின்றன என்பது ஓரளவு தெரியும். இரண்டும் ஒன்றாக இருப்பது குறைவு. யாழ்ப்பாணத்து வேலி மாதிரித்தான், ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு விரல் அகலம் நகரும்.

அந்த வாசகர் வீதியின் பெயரைக் குறிப்பிட்டிருந்ததால், கவுண்டி இணையத்தில் போட்டிருக்கிற பொது வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். வீதி இரண்டு காணிகளுக்கு நடுவால் நேராகத் தண்ணீர் விளிம்பு வரை போகிறது. இரண்டு பக்கத்துக் காணிகளுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. நடுவில் உள்ள துண்டுக்கு எண் இல்லை. அது வீதி. அந்த வரைபடத்தின்படி இன்றைக்கும் ஊராட்சியின் வீதிதான். பலகையை நட்டது யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதை நட அவருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். வரைபடம் மட்டும் முடிவான ஆதாரம் ஆகாது, காணிப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஆனாலும் கேள்வி கேட்க இது போதும்.

இப்படி ஒரு துண்டு எப்படி வந்தது? பழைய காலத்தில் ஒன்ராறியோவை அளந்தவர்கள் கையில் சங்கிலி வைத்திருந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே ஒரு சங்கிலி அகலத்தில் வீதிக்கு இடம் விட்டார்கள். கடதாசியில் கோடு போடும்போது நடுவில் ஏரி வருகிறதா, ஆறு வருகிறதா என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. கோடு நேரே போய்த் தண்ணீரில் விழுந்தது. இன்றைக்கும் பல கிராமத்து வீதிகள் ஏரிக்குள் போய் முடிவது அதனால்தான். தார் போடாத, புல் முளைத்த, சில இடங்களில் மரமே வளர்ந்துவிட்ட ஒழுங்கைகள். ஆனாலும் சட்டப்படி அவை பொது வீதி.

இதைத் தவிர இன்னொரு வகையும் உண்டு. பல ஊர்களில் கரையை ஒட்டியே 66 அடி அகலத்துக்கு ஒரு பட்டை, இதுவும் வீதிக்கென்று விட்டது. பின்னாளில் வந்தவர்கள் கொட்டேஜைக் கொண்டுபோய் அந்தப் பட்டையிலேயே கட்டிவிட்டார்கள். அணைகள் கட்டி நீர்மட்டம் உயர்ந்தபோது சில இடங்களில் பட்டையில் ஒரு பகுதி தண்ணீருக்குள்ளும் போய்விட்டது. ஊராட்சிகள் இந்தப் பட்டையை முன்னால் இருக்கிற கொட்டேஜ்காரருக்கே விற்று வருகின்றன. இதில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. ஒருவருடைய குசினியின் கீழே ஓடுகிற, யாரும் நடக்காத வீதியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் நேரே தண்ணீருக்கு இறங்குகிற ஒழுங்கை வேறு கதை. வீதியில் நின்று பார்க்கிற ஒருவருக்கு ஆற்றைத் தொட இருக்கிற ஒரே வழி பல இடங்களில் அதுதான். அதையும் பக்கத்துக் காணிக்காரர் விலைக்குக் கேட்கிறார். சில வேளை கிடைத்தும் விடுகிறது.

எப்படிக் கிடைக்கிறது என்றால், சத்தமில்லாமல். பக்கத்துக் காணிக்காரர் விண்ணப்பிக்கிறார். ஊராட்சி அறிவித்தல் போடுகிறது. உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரு மூலையிலோ, ஊராட்சியின் இணையப் பக்கத்தில் கூட்ட நிகழ்ச்சிநிரலின் உள்ளேயோ அது கிடக்கும். கூட்டத்துக்கு விண்ணப்பித்தவர் வருவார், அவருடைய நில அளவையாளர் வருவார். எதிர்க்க யாரும் இருக்க மாட்டார்கள். ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு வரி எழுதி, துணைச்சட்டம் நிறைவேறி, வீதி மூடப்பட்டு விற்கப்படும். எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த ஒழுங்கையைப் பயன்படுத்தக்கூடிய ஆட்களில் பெரும்பாலானோர் ஸ்காபரோவிலும் அஜக்ஸிலும் பிரம்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு கூட்டம் நடந்ததே தெரியாது.

பீற்றர்பரோ வழியாகப் படகுகள் போகிற ட்ரெண்ட்–செவர்ன் நீர்வழியின் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல பிடி இருக்கிறது. ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தைத் தொடுகிற வீதியை ஊராட்சி நிரந்தரமாக மூடுவதானால் மத்திய அரசின் சம்மதம் வேண்டும் என்கிறது. தண்ணீர் மூடிய நிலமும் அதில் சேர்த்தி. மத்திய அரசின் இறங்குதுறைக்குப் போகிற வீதிக்கும் அதே விதி. இந்த நீர்வழியை நடத்துவது மத்திய அரசின் பார்க்ஸ் கனடா. ஆகவே வீதி தொடுகிற இடத்தில் ஆற்றின் அடிநிலம் மத்திய அரசினுடையது என்றால், ஊராட்சி தனியாக நினைத்து அந்த வீதியை மூட முடியாது. அறிவித்தலைக் கண்டால் ஊராட்சிச் செயலாளருக்கு ஒரு கடிதம், பார்க்ஸ் கனடாவுக்கு ஒரு பிரதி. கடிதத்தில் கோபம் தேவையில்லை. ‘மத்திய அரசின் சம்மதம் பெறப்பட்டதா?’ என்று கேட்டாலே போதும், கோப்பு கொஞ்ச நாளைக்கு மேசையில் நிற்கும்.

இனிச் சொல்வது நம்மவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இப்போது தமிழர்களும் கவார்த்தா ஏரிகளின் கரையில் கொட்டேஜ் வாங்குகிறார்கள். சந்தோஷம். உழைத்து வாங்குகிறார்கள், வாங்கட்டும். ஆனால் கையெழுத்து வைத்த மை காயுமுன் சிலர் கேட்கிற கேள்வி: ‘பக்கத்தில் இருக்கிற அந்தச் சும்மா கிடக்கிற துண்டையும் எழுதி எடுக்கலாமா அக்கா?’ அது சும்மா கிடக்கவில்லை, நேற்று வரை நீங்களும் பிள்ளைகளோடு இறங்கிய ஒழுங்கை அது என்று சொல்ல வாய் வரும். அலுவலகத்தில் அப்படிச் சொல்ல முடியாது, பத்திரிகையில் சொல்லலாம். மார்க்கம் வாசகரைத் துரத்தியவர் வெள்ளைக்காரர் என்று அவர் எழுதியிருந்தார். இருக்கலாம். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அதே இடத்தில் துரத்துகிறவர் நம்மவராக இருந்தால் அப்போது என்ன எழுதுவார் என்று யோசித்தேன்.

அதே நேரம் ஒழுங்கை இருக்கிறது என்பதற்காக அதில் என்னவும் செய்யலாம் என்றும் இல்லை. வீதி என்றால் போக, வர உள்ள உரிமை. கயாக்கையும் கனூவையும் தூக்கிக்கொண்டு போய் இறக்கலாம், திரும்பித் தூக்கிவரலாம். கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, பாட்டுப் பெட்டியை வைத்துப் பொழுது போக்குவதற்கு அல்ல. காரை நிறுத்தலாமா என்பதை ஊராட்சி முடிவு செய்யும், பலகையைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கொட்டேஜ்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஒழுங்கை வாசலில் குழந்தையின் நப்பியைப் போட்டுவிட்டுப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். காலையில் அதைப் பொறுக்குகிற ஆள், அடுத்த கூட்டத்தில் ‘மூடுங்கள்’ என்றுதான் சொல்வார்.

பகல் முழுக்க இருக்க, சமைத்துக் கொண்டுபோனதைச் சாப்பிட, பிள்ளைகளை ஓட விட வேண்டும் என்றால் லொக் நிலையங்களுக்குப் போங்கள். லொக் என்றால் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற அமைப்பு. கோடை வந்தால் ஸ்காபரோச் சொந்தம் முழுக்க என் கைபேசிக்குத்தான் எடுக்கும். ‘மச்சாள், எங்கே போகலாம்? கழிப்பறை இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. என்னுடைய பதில் எப்போதும் லொக்தான். ட்ரெண்டனில் ஒன்ராறியோ ஏரிப் பக்கம் தொடங்கி ஜோர்ஜியன் விரிகுடாவில் போர்ட் செவர்ன் வரை இந்த நீர்வழி 386 கிலோமீட்டர். பெரும்பகுதி இயற்கையான ஆறும் ஏரியும், வெட்டிய கால்வாய் சிறு பகுதிதான். வழிநெடுக லொக் நிலையங்கள். அநேகமான இடங்களில் புல்வெளி, மேசை, நிழல் இருக்கும். சில இடங்களில் வாகனத் தரிப்புக்குப் பணம் எடுப்பார்கள். மற்றபடி கரையில் நடக்கவோ, லொக்கில் படகு ஏறி இறங்குவதைப் பார்க்கவோ நீங்கள் படகுக்காரராக இருக்கத் தேவையில்லை. இது மத்திய அரசின் பொது இடம், நீங்கள் கட்டுகிற வரியில் நடப்பது.

பீற்றர்பரோ லிஃப்ட் லொக்கைக் காட்டாமல் நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. 1904இல் திறந்தது. தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று கீழே வந்தால் மற்றது மேலே போகும். உயரம் 65 அடி, ஏறக்குறைய 20 மீட்டர். மேலே நிற்கிற தொட்டியில் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக விடுகிறார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழே நிற்கிறது ஏறுகிறது. ஒரு தொட்டியில் பெரிய படகும் மற்றதில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால் பாரம் பிசகாதா என்று என் மருமகன் கேட்டான். பிசகாது. மிதக்கிற படகு தன் பாரத்துக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடும், அதனால் தொட்டியின் மொத்தப் பாரம் மாறாது. பத்தாம் வகுப்பில் பாடமாக்கியதை அவன் அன்றைக்குத்தான் நம்பினான். கயாக்கில் வருகிறவர்களையும் லொக்குக்குள் விடுவார்கள். லொக்குக்கு முன்னால் சுவரில் நீலக் கோடு இருக்கும், உள்ளே போகக் காத்திருக்கிற படகுகள் அங்கேதான் நிற்க வேண்டும். மே மாத விக்டோரியா தின வார இறுதியிலிருந்து ஒக்டோபர் நன்றி நவிலல் திங்கள் வரைதான் லொக்குகள் இயங்கும்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஓஷாவாவிலிருந்து கோ பேருந்து 88 பீற்றர்பரோவுக்கு வருகிறது. இங்கே நகரப் பேருந்தில் ட்ரெண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஒட்டனாபீ ஆறு வளாகத்துக்கு நடுவாலேயே ஓடுகிறது. 22ஆம் லொக் பக்கத்தில்தான். அங்கிருந்து லேக்ஃபீல்டு வரை ஆற்றோரமாக லொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ரோட்டரி கிரீன்வே பாதையில் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். ஊரிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர் அந்தப் பாதையில் மெதுவாக நடந்து, லொக் ஊழியர் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கதவு திறப்பதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு பணக்கார நாட்டில் இன்னும் கையாலா சுத்துறாங்கள்?’ என்று கேட்டார். ஆம், பல லொக்குகளில் இன்னும் கையால்தான். 1833இல் பொப்கேஜனில் முதல் மர லொக் கட்டித் தொடங்கிய வேலை, வழி முழுதாகத் திறக்க 1920 ஆகிவிட்டது. அதற்குள் சரக்கெல்லாம் ரயிலுக்குப் போய்விட்டது. வியாபாரத்துக்கென்று தொடங்கி உல்லாசத்துக்கென்று முடிந்த வேலை.

ஊராட்சிகள் நடத்துகிற படகு இறக்கும் சரிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர்க்காரரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது பற்றிப் பலர் குறைப்படுகிறார்கள். நான் குறைப்படவில்லை. அந்தப் பணத்தில் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் வருமென்றால் கொடுக்கலாம். ஆனால் ‘உள்ளூர்க்காரருக்கு மட்டும்’ என்று அடைப்பது சரியில்லை. ஆற்றில் படகோட்டும் உரிமை பொதுச்சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. இறங்க இடம் தராமல் அந்த உரிமையைக் கடதாசியில் வைத்திருந்து என்ன பயன்?

நமக்கும் கொட்டேஜ்காரருக்கும் இடையிலான இழுபறி என்று மட்டும் இதைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. இந்த ஏரிகளில் மிசிசாகா என்கிற பழங்குடி மக்கள் (அதே பெயருள்ள நகரத்துக்காரர் அல்ல) காட்டு அரிசி அறுத்து வந்திருக்கிறார்கள், இன்றும் அறுக்கிறார்கள். அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது அரிசி வளர்ந்த இடங்கள் பல மூழ்கிப்போயின. அது திரும்ப வளர்ந்து வந்த பிஜன் ஏரியில், படகுக்கும் நீச்சலுக்கும் தடை என்று கரைக்காரர் சிலர் அதை அகற்றக் கேட்டார்கள். 2015இல் அகற்றும் வேலையும் நடந்தது. மிசிசாகா சமூகங்களில் ஒன்றான கர்வ் லேக் மக்கள் எதிர்த்தார்கள். அரசு பழங்குடிகளோடு 1923இல் செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கை பற்றிய வழக்கு 2018இல் இணக்கத்துக்கு வந்து, அவர்களுடைய வேட்டை, மீன்பிடி, அறுவடை உரிமைகளை அரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் கயாக்கில் போகும்போது தண்ணீருக்கு மேலே நெல்லுப் போல நிற்கிற புல்லைக் கண்டால் களை என்று நினைத்து நடுவால் ஓட்டாதீர்கள். சுற்றிப் போங்கள். ‘என் கரைக்கு முன்னால் எதுவும் இருக்கக்கூடாது’ என்கிற எண்ணம் அரிசிக்கும் எதிரி, நம்முடைய கயாக்குக்கும் எதிரி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. படகில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது என்னோடு வருகிறவர்களுக்கு நான் போட்ட சட்டம், அத்தான் என்றாலும் விதிவிலக்கு இல்லை. காற்றடித்த படகும் துடுப்புப் பலகையும் விளையாட்டுச் சாமான் அல்ல, அவற்றுக்கும் இதே கதைதான். சின்ன மின்மோட்டார் பூட்டினாலும் ஓட்டுகிறவரிடம் படகு ஓட்டும் அட்டை இருக்க வேண்டும். அணைகளுக்கு மேலேயும் கீழேயும் மிதவைக் கோடு கட்டியிருக்கும் இடங்களுக்குக் கிட்டவும் போகாதீர்கள். மேற்பரப்பு அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். லொக் கதவடியிலும், கால்வாய்க்கு மேலால் போகிற பாலங்களிலும் தூண்டில் போடக்கூடாது. நம் பெடியள் சிலர் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கவார்த்தா லேக்ஸ், ட்ரெண்ட் லேக்ஸ், செல்வின், ஒட்டனாபீ–சவுத் மொனகன் போன்ற ஊராட்சிகளின் கூட்ட நிகழ்ச்சிநிரல்கள் இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியவை. வீதியை மூடி விற்பது பற்றிய அறிவித்தல் வந்தால், மரண அறிவித்தல் பக்கத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியில் அதைப் போட முடியுமா? மரண அறிவித்தலை நம்மவர்கள் எல்லோரும் படிப்பார்கள், அதனால் கேட்கிறேன். தேடி எடுத்து அனுப்புகிற வேலையை நான் செய்வேன்.

மார்க்கம் வாசகருக்கு: நீங்கள் திரும்பி வந்த அந்த வீதி மூடப்பட்டிருக்கிறதா, அந்தப் பலகை ஊராட்சி நட்டதா என்று இரண்டு கேள்விகளை ஊராட்சிச் செயலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வீதியின் பெயரும், பலகையின் படமும், நீங்கள் போன திகதியும் போதும். சண்டை பிடித்தவரின் பேச்சை எழுத வேண்டாம், அது கேள்வியைத் திசைதிருப்பிவிடும். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். மூடப்படவில்லை என்று பதில் வந்தால், பலகையை எப்போது அகற்றுவார்கள் என்று அடுத்த மின்னஞ்சலில் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுத யாராவது துணை வேண்டுமென்றால் என் முகவரி பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீற்றர்பரோ, ஒன்ராறியோ